நேசக்கரமும் ஐயப்பார்வையும்: 1930களில் ஜெர்மனியின் பண்பாட்டு ராஜதந்திரத்தை பிரான்ஸ் கண்ட விதம்

ஓர் அரசு தன் நாட்டு மொழி, இலக்கியம், இசை, ஓவியம், திரைப்படம், விளையாட்டு, கல்வி ஆகியவற்றின் வழியாக இன்னொரு நாட்டு மக்களின் நன்மதிப்பைத் தேடிக்கொள்ளும் முயற்சியைப் பண்பாட்டு ராஜதந்திரம் என்று சொல்கிறோம். வழக்கமான ராஜதந்திரம் அரசுக்கும் அரசுக்கும் இடையே நடப்பது. தூதர்கள் பேசுவார்கள், அமைச்சர்கள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவார்கள். பண்பாட்டு ராஜதந்திரமோ அரசைத் தாண்டி நேரே மக்களிடம் செல்கிறது. மாணவர்களுக்கு உதவித்தொகை அளிப்பது, மொழி வகுப்புகள் நடத்துவது, இசைக்குழுக்களை அனுப்புவது, எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் விருந்தினராக அழைப்பது, நட்புறவுச் சங்கங்களுக்குத் துணைநிற்பது ஆகியவை அதன் கருவிகள். சென்னையிலும் புதுச்சேரியிலும் பலரும் அறிந்த அலையான்ஸ் பிரான்சேஸ் 1883இல் பாரிஸில் தோன்றியது. ஆக, இந்த வழிமுறை நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் உடையது.

இதைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அனுப்புகிற நாட்டின் பக்கமிருந்தே எழுதப்படுகின்றன. எந்த நாடு எதை அனுப்பியது, எவ்வளவு செலவிட்டது, அதனால் அதன் செல்வாக்கு வளர்ந்ததா என்பவையே வழக்கமான கேள்விகள். பெறுகிற நாடு அதை எப்படிப் பார்த்தது என்ற கேள்வி குறைவாகவே கேட்கப்படுகிறது. இரு நாடுகளும் எல்லையைப் பகிர்ந்துகொள்பவையாகவும், முன்பே போரிட்டவையாகவும், மீண்டும் போர் வரக்கூடும் என்ற அச்சத்தில் வாழ்பவையாகவும் இருந்தால், அந்தக் கேள்வி உயிர்நிலையானதாகிவிடுகிறது. வருகிற இசைக்குழு நட்பின் அடையாளமா, நம் விழிப்பை மழுங்கச் செய்யும் ஏற்பாடா? இரண்டுமாக இருந்தால் என்ன செய்வது? இதைப் புரிந்துகொள்ள, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்மனி பிரான்ஸுக்குள் நடத்திய பண்பாட்டுப் பணிகளையும் அவற்றை பிரெஞ்சு மக்கள் கண்ட விதத்தையும் விடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஹிட்லருக்கு முன்பு தொடங்கிய நட்பு

1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரான்ஸ் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. ஜெர்மனியின் இழப்பு அதைவிடப் பெரியது. ஊருக்கு ஊர் நினைவுத்தூண் எழுப்பப்பட்டு, அதில் அவ்வூர்ப் பிள்ளைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்ட காலம் அது. இப்படி ஒரு துயரத்துக்குப் பின் இரு நாட்டிலும் நல்லெண்ணம் கொண்டவர்கள் சமாதானத்தை விரும்பியதில் வியப்பில்லை. 1925இல், இரு நாட்டுக்கும் இடையிலான எல்லையை மதிப்பதாக உறுதியளித்த லொகார்னோ ஒப்பந்தம் உருவானது. அதற்காக பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அரிஸ்டீட் பிரியானும் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் குஸ்டாவ் ஸ்ட்ரெஸமானும் 1926ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். லக்சம்பர்க்கைச் சேர்ந்த எஃகுத் தொழிலதிபர் எமில் மேரிஷ் அதே ஆண்டில் இரு நாட்டு அறிஞர்களையும் தொழில்துறையினரையும் ஒரு குழுவாக இணைத்தார். பெர்லினில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தங்கிப் படிப்பதற்கென்று ஒரு கல்வி நிலையம் தொடங்கப்பட்டது.

1930ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஸோல்பெர்க் மலையில் இரு நாட்டு இளைஞர்கள் ஒன்றுகூடி முகாமிட்டார்கள். அதை ஒழுங்கு செய்தவர்களில் முதன்மையானவர் ஓட்டோ அபெட்ஸ். 1903இல் பிறந்த அவர் கார்ல்ஸ்ரூஹ நகரில் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பிரெஞ்சுத் தரப்பில் அவருடன் நெருங்கி நின்றவர் ழான் லுஷேர் என்ற இளம் பத்திரிகையாளர். அபெட்ஸ் 1932இல் லுஷேரின் செயலாளராக இருந்த பிரெஞ்சுப் பெண்ணையே மணந்துகொண்டார். இந்தத் தொடக்க காலத்து நட்பை வெறும் நடிப்பென்று ஒதுக்கிவிடுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அந்த முகாமுக்கு வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் தம் தந்தையரும் அண்ணன்மாரும் மடிந்த போர் மீண்டும் வரக்கூடாது என்று உளமாரக் கருதியவர்கள். பிற்காலத்தில் நடந்தவற்றின் கொடுமையே இதில்தான் இருக்கிறது: ஒரு நல்ல நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட உறவுகள் அப்படியே வேறொருவர் கைக்கு மாறின.

கைமாறிய உறவுகள்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். புதிய அரசு பிரான்ஸுடனான பண்பாட்டு உறவுகளைத் துண்டிக்கவில்லை, அவற்றை எடுத்துக்கொண்டது. அபெட்ஸ் முதலில் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் தலைமையகத்தில் பிரான்ஸ் விவகாரங்களைக் கவனித்தார். பிறகு ஹிட்லரின் வெளிநாட்டு விவகார ஆலோசகரான ரிப்பன்ட்ராப் நடத்திய அலுவலகத்தில் சேர்ந்தார். வெளியுறவு அமைச்சகத்துக்கு வெளியே, ஹிட்லருக்கு நேரடியாக உதவும் வகையில் இயங்கிய அலுவலகம் அது. 1935இல் பெர்லினில் ஜெர்மன்-பிரெஞ்சு சங்கம் புதிய ஆட்சிக்கு உகந்த வடிவில் மீண்டும் நிறுவப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பாரிஸில் அதன் இணை அமைப்பாக பிரான்ஸ்-ஜெர்மனி குழு உருவானது. இரு அமைப்புகளும் சேர்ந்து ஒரு மாத இதழை வெளியிட்டன, சொற்பொழிவுகள் நடத்தின, மாணவர் பரிமாற்றங்களையும் பயணங்களையும் ஏற்பாடு செய்தன. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் பாரிஸ் கிளைக்கு கார்ல் எப்டிங் என்பவர் பொறுப்பேற்றிருந்தார்.

இங்கே பணம் ஆற்றிய பங்கைவிட நட்பு ஆற்றிய பங்கு பெரிது என்பது என் கருத்து. அபெட்ஸ் நன்றாகப் பிரெஞ்சு பேசுவார்; பிரெஞ்சு இலக்கியத்தின் மீதும் கலையின் மீதும் அவருக்கு இருந்த பற்று பொய்யானதல்ல. ஓர் எழுத்தாளரின் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவர உதவுவார். ஒரு பத்திரிகையாளருக்கு ஹிட்லரைப் பேட்டி காணும் வாய்ப்பை வாங்கித்தருவார். பெர்லினுக்கு வருபவர்களுக்குச் சிறப்பான வரவேற்பு கிடைக்கச் செய்வார். இவற்றில் எதையும் லஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவற்றைப் பெற்றவர் அடுத்த நாள் ஜெர்மனியைப் பற்றிக் கடுமையாக எழுத உட்காரும்போது அவர் கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் இந்த ஏற்பாடுகள் நாடின.

போரில் பங்கேற்ற முன்னாள் வீரர்களை அணுகியதும் மிகுந்த நுட்பத்துடன் செய்யப்பட்டது. பிரான்ஸில் முன்னாள் படைவீரர் சங்கங்களில் பல லட்சம் பேர் இருந்தார்கள். சமூகத்தில் அவர்கள் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. தானும் அகழிகளில் கிடந்தவன் என்றும், போரின் கொடுமையை அறிந்தவன் மீண்டும் போரை விரும்ப மாட்டான் என்றும் ஹிட்லர் அவர்களிடம் சொல்லிக்கொண்டார். 1934 நவம்பரில் படைவீரர் சங்கத் தலைவர்களில் ஒருவரான ழான் குவா ஹிட்லரைச் சந்தித்து, அந்த உரையாடலை ஒரு பாரிஸ் நாளிதழில் வெளியிட்டார். பிரான்ஸ்-ஜெர்மனி குழுவின் தலைவராக இருந்த ழார்ஜ் ஸ்காபினி முதல் உலகப் போரில் இரு கண்களையும் இழந்தவர். அவரைப் போன்ற ஒருவர் மேடையில் நின்று சமாதானம் பேசும்போது, அவரைத் துரோகி என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? 1936 ஜூலையில் வெர்தன் போரின் இருபதாம் ஆண்டு நினைவாக ஜெர்மன் வீரர்கள் உட்படப் பல நாட்டு முன்னாள் வீரர்கள் தூஓமோன் கல்லறைத் திடலில் இரவில் கூடி, அமைதி காப்பதாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். அங்கு நின்ற பிரெஞ்சு வீரர்களின் கண்ணீர் உண்மையானது. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், 1936 மார்ச் 7 அன்று, பிரெஞ்சு எல்லையை ஒட்டி, படைகள் இருக்கக்கூடாதென்று ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டிருந்த ரைன்லாந்துப் பகுதிக்குள் ஜெர்மன் படைகள் அதை மீறி நுழைந்திருந்தன.

பிரான்ஸ் என்ற ஒற்றைப் பார்வை இல்லை

'ஒரு நாடு தன் அண்டை நாட்டை எப்படிப் பார்க்கிறது' என்று கேட்கும்போது, நாடு என்பது ஒரே மனம் கொண்டது போன்ற எண்ணம் தோன்றிவிடுகிறது. உண்மையில் பிரான்ஸில் ஒவ்வொரு பிரிவினரும் ஜெர்மனியின் பண்பாட்டு முயற்சிகளில் தம் விருப்பத்தையோ தம் அச்சத்தையோ கண்டார்கள். போரை வெறுத்த இடதுசாரிகளில் பலர் அவற்றில் சமாதானத்துக்கான வாய்ப்பைக் கண்டார்கள். கம்யூனிசத்துக்கு அஞ்சிய வலதுசாரிகளில் பலர், ஜெர்மனியைவிட மாஸ்கோதான் பெரிய ஆபத்து என்று எண்ணினார்கள். ஒழுங்கும் கட்டுப்பாடும் நிறைந்ததாகத் தோன்றிய புதிய ஜெர்மனியை வியந்தார்கள். கம்யூனிஸ்டுகள் எல்லாவற்றையும் பாசிசச் சதி என்று எதிர்த்தார்கள். பழைய தேசியவாதிகளுக்கு எந்த ஜெர்மனியின் மீதும் நம்பிக்கை கிடையாது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த 1938ஆம் ஆண்டின் மியூனிக் உடன்பாட்டுக்கு எதிராக நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வாக்களித்த வலதுசாரி உறுப்பினரான ஆன்ரி த கெரிலிஸ் போன்ற தனிமனிதர்கள் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை.

நேரில் சென்று பார்த்தால் உண்மை புலப்பட்டுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பெர்லினில் இருந்த பிரெஞ்சுக் கல்வி நிலையத்தில் அடுத்தடுத்துத் தங்கிய இரு இளம் தத்துவ அறிஞர்களை எடுத்துக்கொள்ளலாம். ரேமோன் ஆரோன் 1931 முதல் 1933 வரை அந்நகரில் இருந்தார். 1933 மே 10 இரவு நூல்கள் எரிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டார். நாட்டுக்குத் திரும்பியபோது வரப்போகும் ஆபத்தைப் பற்றித் தெளிவு பெற்றிருந்தார். அவருக்குப் பின் 1933-34இல் அங்கே சென்ற அவர் நண்பர் ழான்-பால் சார்த்தர், ஜெர்மன் தத்துவத்தில் ஆழ்ந்து, சுற்றி நடந்த அரசியலைப் பெரிதாக மனத்தில் கொள்ளாமலே திரும்பினார். இருவரும் நிகரற்ற அறிவாளிகள். இருவரும் கற்க வேண்டிய ஜெர்மன் தத்துவம் உண்மையிலேயே பெரியது. ஒரு நாட்டின் பண்பாட்டில் திளைப்பதும் அந்நாட்டின் அரசைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஜெர்மன் மொழியிலும் இலக்கியத்திலும் துறைபோன பேராசிரியர்கள் சிலர்தான் மிகவும் தெளிவாக எச்சரித்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். கத்தோலிக்கரும் முதல் போரில் காயமுற்றுச் சிறைப்பட்டவருமான ரொபேர் தார்கூர், ஜெர்மனியில் இளைஞர்களுக்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அந்நாட்டு நூல்களையும் இதழ்களையும் கொண்டே 1936இல் எடுத்துக்காட்டினார். ஜெர்மன் பண்பாட்டை நேசித்து, அதைக் கற்பிப்பதற்கே வாழ்வைச் செலவிட்ட ஒருவர் அப்படி எழுதியதால் அந்த எச்சரிக்கையை வெறும் பகையுணர்வு என்று யாராலும் தள்ள முடியவில்லை.

வெளியே ஒரு பேச்சு, உள்ளே ஒரு பேச்சு

பண்பாட்டு ராஜதந்திரத்தை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அண்டை நாடு நம்மிடம் சொல்வதைத் தன் சொந்த மக்களிடமும் சொல்கிறதா என்று பார்ப்பதே அது. இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு 1930களைப் பார்த்தால், பல செய்திகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன.

ஹிட்லரின் 'மைன் காம்ஃப்' நூலில் பிரான்ஸ் ஜெர்மனியின் இரக்கமற்ற பரம எதிரி என்று எழுதப்பட்டுள்ளது. ஜெர்மனியில் அந்த நூல் லட்சக்கணக்கில் அச்சாகிப் பரவிக்கொண்டிருந்தது. 1934இல் பிரெஞ்சு வலதுசாரிப் பதிப்பாளரான ஃபெர்னான் ஸோர்லோ, ஆசிரியரிடம் அனுமதி பெறாமலே அதன் முழுமையான பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். யூத வெறுப்பை எதிர்த்துப் போராடிய ஓர் அமைப்பு அரசியலில் தனக்கு நேரெதிரான அந்தப் பதிப்பாளருக்குத் துணைநின்று, ஆயிரக்கணக்கான படிகளை வாங்கி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பொதுவாழ்வில் இருந்தவர்களுக்கும் அளித்தது. பிரெஞ்சுக்காரர் ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும் என்ற பொருளில் பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ஷல் லியோத்தே சொன்ன ஒரு வரி நூலில் இடம்பெற்றது. இதற்கு ஜெர்மன் தரப்பின் பதில் என்ன? ஹிட்லரின் பதிப்பகம் பதிப்புரிமையைக் காட்டி பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1934 ஜூனில் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்த மொழிபெயர்ப்பின் விற்பனைக்குத் தடை விதித்தது. உலகம் முழுவதும் தன் கருத்தைப் பரப்ப விரும்பிய ஒருவர், அண்டை நாட்டு மக்கள் மட்டும் தன் நூலை முழுமையாகப் படித்துவிடக்கூடாது என்று வழக்காடியிருக்கிறார். பிறகு 1938இல், பிரான்ஸைப் பற்றிய கடுமையான பகுதிகள் நீக்கப்பட்டுச் சுருக்கப்பட்ட ஒரு பிரெஞ்சுப் பதிப்பு ஒப்புதலோடு வெளிவந்தது.

பத்திரிகையாளர் பெர்ட்ரான் த ஜூவெனெல் 1936 பிப்ரவரியில் ஹிட்லரைப் பேட்டி கண்டபோது இந்த முரணை நேரடியாகவே கேட்டார்: சமாதானம் பேசும் நீங்கள் உங்கள் நூலில் உள்ளவற்றை ஏன் திருத்தவில்லை? தான் எழுத்தாளன் அல்ல, அரசியல்வாதி என்றும், தன் திருத்தத்தை வரலாற்றில் எழுதப்போவதாகவும் ஹிட்லர் மறுமொழி சொன்னார். பேட்டி பாரிஸ் நாளிதழ் ஒன்றில் பிப்ரவரி 28 அன்று வெளியானது. பிரான்ஸுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையிலான உடன்படிக்கையை பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை ஏற்றது அதற்கு முந்தைய நாள். ரைன்லாந்துக்குள் படைகள் புகுந்தது பேட்டி வெளியானதற்கு எட்டாவது நாள்.

பாடநூல்கள் தொடர்பாக நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கோ அதுதான் மிகவும் கற்பிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது. 1935இல் பாரிஸில் பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களும் ஜெர்மன் வரலாற்றாசிரியர்களும் சந்தித்து, இரு நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் ஒருவரையொருவர் இழித்தும் பழித்தும் எழுதப்பட்டவற்றைத் திருத்துவதற்குப் பொதுவான கூற்றுகளை வகுத்தார்கள். பிரெஞ்சுத் தரப்பில் பங்கேற்றவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற பாடநூலாசிரியர் ஜூல் இசாக். கூட்டம் நடந்ததும், அறிக்கை எழுதப்பட்டதும் வெளியே அழகாகவே தெரிந்தன. பிரான்ஸில் ஆசிரியர்களிடையே அந்தக் கூற்றுகள் பரப்பப்பட்டன. நாஜி ஜெர்மனியின் வகுப்பறைக்குள் அவை நுழையவில்லை. ஒரு விருந்தையோ கச்சேரியையோ விட ஆறாம் வகுப்புப் பாடநூல் ஓர் அரசின் மனத்தை நன்றாகக் காட்டிவிடும். ஏனெனில் அது வெளிநாட்டாருக்காக எழுதப்படுவதில்லை.

காட்சிகளின் காலம்

1936 ஆகஸ்டில் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தது. தொடக்க அணிவகுப்பில் பிரெஞ்சு அணியினர் வலக்கையை நீட்டி வணக்கம் செலுத்தியபோது ஜெர்மன் பார்வையாளர்கள் பெரும் ஆரவாரம் செய்தார்கள். அது ஒலிம்பிக் வணக்கம் என்று பிரெஞ்சுத் தரப்பு விளக்கியது. நாஜி வணக்கமாகவே அரங்கம் அதை எடுத்துக்கொண்டது. ஒரே கையசைவை இரு தரப்பும் தத்தம் விருப்பப்படி படித்த நிகழ்ச்சி அது.

அடுத்த ஆண்டு பாரிஸில் சர்வதேசக் கண்காட்சி நடந்தது. ஆல்பர்ட் ஷ்பியர் வடிவமைத்த ஜெர்மன் மண்டபம் உச்சியில் கழுகோடு, சோவியத் மண்டபத்துக்கு நேரெதிரே, ஈஃபில் கோபுரத்தின் பார்வையில் எழுந்து நின்றது. நாஜிக் கட்சி மாநாட்டைப் படமாக்கிய லெனி ரீஃபன்ஷ்டாலின் திரைப்படத்துக்கு அந்தக் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. பாரிஸில் இப்படிப் பாராட்டுப் பெற்றுக்கொண்டிருந்த அதே அரசு, 1937 ஜூலையில் மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் இழிவுபடுத்தும் கண்காட்சியைத் திறந்துவைத்தது. வெளியூர் மக்கள் பார்த்த ஜெர்மன் பண்பாடு வேறு. உள்ளூரில் கலைஞர்களுக்கு நேர்ந்தது வேறு.

பாரிஸில் அப்போது இன்னொரு ஜெர்மன் பண்பாடும் வாழ்ந்துகொண்டிருந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த எழுத்தாளர்களும் அறிஞர்களும் சேர்ந்து, நூல்கள் எரிக்கப்பட்டதன் முதலாண்டு நினைவு நாளான 1934 மே 10 அன்று ஒரு நூலகம் திறந்தார்கள். ஜெர்மனியில் எரிக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட நூல்களைச் சேர்த்துவைத்த அந்நூலகத்துக்கு நாவலாசிரியர் ஹைன்ரிஹ் மான் தலைமை தாங்கினார். அதற்கு அரசின் பணமோ தூதரகத்தின் ஆதரவோ இல்லை. எந்த ஜெர்மன் குரலை உண்மையான அண்டைவீட்டுக் குரலாகக் கொள்வது என்ற கேள்வி ஒவ்வொரு பிரெஞ்சு வாசகருக்கும் எதிரே இருந்தது; அதிகாரபூர்வமான விருந்துகளுக்குச் சென்றவர்களில் எத்தனை பேர் அந்த நூலகப் படியேறியிருப்பார்கள் என்று எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

பிரெஞ்சு அரசு கடைசியில் பண்பாட்டாலேயே பதில் சொல்ல முனைந்ததும் உண்டு. 1938இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றிய ரீஃபன்ஷ்டாலின் படத்துக்கும் ஓர் இத்தாலியப் படத்துக்கும் முசோலினி பெயரிலான உயர்ந்த பரிசு வழங்கப்பட்டது. அரசியல் அழுத்தத்தால் நடுவர் தீர்ப்பு வளைந்தது என்று பிரெஞ்சுப் பிரதிநிதிகள் கொதித்தார்கள். சர்வாதிகாரிகளின் தலையீடு இல்லாத விழா ஒன்றைத் தாங்களே நடத்துவது என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. கல்வி அமைச்சர் ழான் ஸே அதை ஆதரித்தார். இன்று உலகமே அறிந்த கான் திரைப்பட விழா அப்படித்தான் உருவானது. முதல் விழாவுக்குக் குறிக்கப்பட்ட நாள் 1939 செப்டம்பர் 1. அன்றுதான் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. விழா கைவிடப்பட்டு, 1946இல்தான் நடந்தது.

கண்கள் திறந்த நேரம்

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் கடைகளும் தாக்கப்பட்டன. பிரான்ஸ்-ஜெர்மனி குழுவிலிருந்து சிலர் அப்போதுதான் விலகினார்கள். ஜூவெனெல் அவர்களில் ஒருவர். பிரெஞ்சு அரசோ டிசம்பர் 6 அன்று, அப்போது ஜெர்மன் வெளியுறவு அமைச்சராகியிருந்த ரிப்பன்ட்ராப்பைப் பாரிஸில் வரவேற்று, இரு நாட்டு எல்லையை மதிப்பதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது. வெளியுறவு அமைச்சர் ழார்ஜ் போனே அளித்த விருந்துக்கு யூத வழியினரான இரு அமைச்சர்கள், ழார்ஜ் மாண்டெலும் ழான் ஸேயும், அழைக்கப்படவில்லை. விருந்தாளி மனம் கோணக்கூடாது என்பதற்காக ஒரு குடியரசு தன் அமைச்சர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்தியது. பண்பாட்டு ராஜதந்திரத்தின் வெற்றியை அளக்க விரும்புவோர் எத்தனை பேர் ஜெர்மன் கற்றார்கள் என்று எண்ணுவதைவிட, இந்த விருந்துப் பட்டியலைப் பார்க்கலாம். எதிராளி கேட்குமுன்னே அவன் விருப்பத்தை நாமே நிறைவேற்றத் தொடங்குவதுதான் அதன் உச்சம்.

1939 மார்ச்சில் ஜெர்மன் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராஹாவுக்குள் நுழைந்த பிறகு பொதுக்கருத்து விரைந்து மாறியது. பிரான்ஸ்-ஜெர்மனி குழு செயலற்றுப்போனது. அந்தக் கோடையில் அபெட்ஸ் பிரான்ஸை விட்டு வெளியேற்றப்பட்டார். கெரிலிஸ் போன்றோர் அவருடைய தொடர்புகளைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார்கள்.

இந்த இடத்தில் பிரான்ஸ் எதிர்த்திசையிலும் தவறியது. செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டதும், நாட்டில் இருந்த ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் பகை நாட்டவர் என்று முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகள். சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் நெவேர் அருகே அடைக்கப்பட்டார். எழுத்தாளர் லியோன் ஃபாய்ஹ்ட்வாங்கர் லெ மில் செங்கற்சூளை முகாமில் அடைக்கப்பட்டார். ஜெர்மன் அரசின் பேச்சை ஜெர்மன் பண்பாட்டின் பேச்சாக எடுத்துக்கொண்டு நம்பியது முதல் பிழை. அரசின் மீது வந்த கோபத்தை அப்பண்பாட்டைச் சேர்ந்த எல்லோர் மீதும் காட்டியது இரண்டாம் பிழை. இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. ஓர் அண்டை நாட்டின் பண்பாட்டு முயற்சிகளை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்று சொல்லும் எவரும், அந்த ஐயம் மனிதர்களின் மீது இறங்கும்போது என்ன ஆகிறது என்பதை இந்த முகாம்களிலிருந்து அறிந்துகொள்ள வேண்டும்.

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படைகள் பாரிஸை அடைந்தன. அபெட்ஸ் அவற்றின் பின்னாலேயே திரும்பி வந்து, ஆகஸ்டில் தூதர் என்ற பட்டத்தைப் பெற்றார். எப்டிங் பாரிஸில் ஜெர்மன் பண்பாட்டு நிலையத்தின் இயக்குநரானார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கடைகளிலிருந்து அகற்றக் கோரும் தடைப்பட்டியல் வெளியானது. அது அபெட்ஸின் முதற்பெயராலேயே 'ஓட்டோ பட்டியல்' என்று அழைக்கப்பட்டது. பத்தாண்டுகளாக அவர் சேர்த்துவைத்த நட்புகள் இப்போது பயன்பட்டன: லுஷேர் ஆக்கிரமிப்பாளருக்கு ஆதரவான நாளிதழை நடத்தினார், ஹிட்லரை 1933இல் பேட்டி கண்ட முதல் பிரெஞ்சுப் பத்திரிகையாளரான ஃபெர்னான் த பிரினோன், தோல்விக்குப் பின் ஜெர்மனிக்கு இணங்கி நடந்த விஷி அரசின் பிரதிநிதியாகப் பாரிஸில் அமர்ந்தார். போருக்குப் பின் லுஷேர் 1946இலும் பிரினோன் 1947இலும் மரணதண்டனைக்கு உள்ளானார்கள். அபெட்ஸுக்கு 1949இல் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1954இல் விடுதலை கிடைத்தது. ழான் ஸேயும் மாண்டெலும் 1944இல் விஷி அரசின் துணைப்படையினரால் கொல்லப்பட்டிருந்தார்கள்.

போர் முடிந்தபின் இரு நாடுகளும் பண்பாட்டு உறவைக் கைவிடவில்லை என்பதைத்தான் நான் இதில் முக்கியமாகக் கருதுகிறேன். 1951இல் வரலாற்றாசிரியர்கள் மீண்டும் கூடியபோது, 1935ஆம் ஆண்டின் கூற்றுகளையே கையில் எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். 1963 ஜனவரியில் இரு நாட்டு நட்புறவுக்கான எலிசே உடன்படிக்கை கையெழுத்தானது; அதே ஆண்டில் இரு அரசுகளும் சமமாகப் பொறுப்பேற்கும் இளைஞர் அலுவலகம் நிறுவப்பட்டது. முன்பு போல ஒரு நாடு அழைக்க, மற்றொரு நாடு விருந்தாளியாகச் செல்லும் ஏற்பாடு அதில் இல்லை. 2006இல் பிரெஞ்சு-ஜெர்மன் கூட்டு வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதி வெளிவந்தது. 1815 முதல் 1945 வரையிலான காலத்தைப் பற்றிய தொகுதி 2008இல் வந்தது. ஒரே பாடத்தை, ஒரே படங்களோடும் ஒரே கேள்விகளோடும், இரு நாட்டு உயர்நிலை மாணவர்களும் தத்தம் மொழியில் படிக்கும்படி அது எழுதப்பட்டிருக்கிறது.